ஐந்துக்கு மூன்று

ஆணை நான்கு பக்கம்.
பெயர்ப்பலகையில் தமிழ் ஐந்து பங்கு,
ஆங்கிலம் மூன்று, மற்றது இரண்டு.
இணைப்பு மட்டும் ஆங்கிலத்தில்.

கூடவே ஒரு டேப் கொடுத்தார்கள்.
மஞ்சள் நிறம், கொத்தனார் வைத்திருப்பது,
விட்டால் விரலைக் கீறிக்கொண்டு உள்ளே ஓடும்.
ஏணி கொடுக்கவில்லை.

லாரன்ஸ் ரோட்டில் பத்தரைக்கே வெயில் பல்லைக் கடித்தது.
முதல் கடை, ‘ஸ்மார்ட் சாய்ஸ் ஃபேன்ஸி கார்னர்’.
எழுத்தெல்லாம் தமிழ், ஒன்றரை அடி உயரம்.
சொல்லில் ஒன்றுகூடத் தமிழில்லை.
விதி கேட்பது எழுத்தைத்தான்.
‘சரி’ என்று டிக் அடித்தேன்.
பேனா கொஞ்சம் தயங்கியது, அவ்வளவுதான்.

அடுத்தது மெடிக்கல்ஸ்.
இரண்டு முழம் ஆங்கிலத்துக்கு அடியில்
எறும்பு ஊர்ந்த மாதிரி ‘மருந்தகம்’.
“தலைவலின்னு வர்றவங்க போர்டைப் படிச்சிட்டா வர்றாங்க?”
நான் விதி எண்ணைச் சொன்னேன்.
தலைவலி எனக்கு.

போன மாதம் மஞ்சக்குப்பத்தில் பயிற்சி வகுப்பு.
திரையில் ஒரு தேசம், வேல்ஸ் என்று பேர்.
மழை, ஆடுகள், ஈரத் தார்ச்சாலை,
சாலைமேல் வெள்ளையாய் நான்கு எழுத்து.
“அராவ். மெதுவாக என்று பொருள்.
பாருங்கள், அதற்குக் கீழேதான் ஆங்கிலம்.”
அங்கேயும் ஆணையர் உண்டாம்,
அங்கேயும் சட்டம், குழு, ஆண்டறிக்கை.
பின்வரிசையிலிருந்து கமாலுதீன் கேட்டார்:
“சரி சார், அங்க மெதுவா போறாங்களா?”
பயிற்சியாளர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு பன்வர்லாலின் அடகுக்கடை.
பலகை முழுக்க இந்தியும் ஆங்கிலமும்.
தமிழ் ஓரமாய், படிக்கட்டில் தொங்கும் பயணிபோல.
“சுனாமிக்கு முன்னால எழுதினது மேடம்.
இடம் பத்தலன்னு பெயிண்டர் கோடியில தள்ளிட்டான்.
அளந்துட்டுச் சொல்லுங்க.”
அளந்தேன். ஐந்துக்குப் பதில் முக்கால்.

உள்ளே ஒரு பெண் காதைத் தடவியபடி நின்றாள்.
அவர் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்:
‘தோடு ஒரு ஜோடி. திருகு ஒன்று குறை.
கல் இரண்டு மங்கல்.’
பக்கம் பக்கமாய் அப்படித்தான்,
ஊரின் மூக்கும் காதும் கழுத்தும்
அவர் கைத்தமிழில் வட்டி கட்டிக்கொண்டிருந்தன.
பேரேடு என் டேப்பின் வரம்பில் வராது.

நோட்டீஸை நீட்டினேன். வாங்கிக்கொண்டு
முழுப்பெயரையும் தமிழில் போட்டார்,
ன் மேலும் ர் மேலும் ல் மேலும்
மறக்காமல் புள்ளி வைத்தார்.
அதன் கீழே ‘ஆய்வாளர்’ என்ற இடத்தில்
என் கை அதன் பாட்டுக்குப் போய்
வால் நீண்ட ஒரு ஆங்கில ‘இ’யைக் கிறுக்கியது.
இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.
அவர் பார்த்தார்.
உரைகல்லில் தேய்த்த கோட்டைப் பார்க்கிற பார்வை.
ஒன்றும் சொல்லாமல்
“டீ சொல்லட்டுமா மேடம்?” என்றார்.

எங்களுக்கும் ஆணை உண்டு, தமிழில் ஒப்பமிடச் சொல்லி.
ஒரு வாரம் இட்டேன்.
கையொப்பம் மாறுபடுகிறதென்று
வங்கியிலிருந்து காசோலை திரும்பியது.
மறுநாளே ஒரு பெண் போனில் அழைத்து
“எசில் அரசிங்களா?” என்றாள்.
ஆமாம் என்றேன்.
வீட்டுக்கடன் அப்போதுதான் பரிசீலனையில் இருந்தது.

சாயங்காலம் நெல்லிக்குப்பம் பஸ்ஸில் ஜன்னலோரம்.
பாழான படிவம் ஒன்றின் பின்பக்கத்தில்
எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தேன்:
து. எழிலரசி.
து. எழிலரசி.
பஸ் குலுங்கக் குலுங்க
‘ழி’ மட்டும் ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு உயரம்.
பைக்குள் டேப் இருந்தது. எடுக்கவில்லை.

நாளை, ஏணி கேட்டு
மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.
வாசகம் தயார்.
கீழே எதில் கையெழுத்து என்றுதான்
இன்னும் முடிவாகவில்லை.