ஆறாம் நிரல்

மாத முடிவில் எனக்கொரு படிவம் வரும்.
ஆறாம் நிரல்: "நிறைவேற்றிய பணிகள்."
குளத்துக்காரர் எழுதுவார்கள், இத்தனை முழம் வாய்க்கால்.
வீதிக்காரர் எழுதுவார்கள், இத்தனை பறல் தார்.
கரடிப்போக்குக்குக் கிட்ட, சின்னக் கடவையில்
தடி ஏற்றி இறக்கும் நேசமலரின் பெயருக்கு நேரே
வெள்ளை.

போனில் கேட்டேன். காற்று இரைந்தது.
"என்னத்தை எழுத, சேர்?
ஒண்டும் நடக்கேல்ல எண்டு போடுங்கோ."

நாட்கூலி. தகரக் கொட்டில். கொடி இரண்டு.
மூங்கில் தடியின் அடியில், பாரத்துக்கு
சீமெந்து நிரப்பிய பழைய ரக்டர் சில்லு.
தண்டவாளத்துக் கொக்குகள் எழும்பினால்
கோச்சி பரந்தனைத் தாண்டிவிட்டதாம்.

நான் அவளை ஏசியிருக்கிறேன்.
கந்தோருக்குப் பிந்திய ஒரு காலை,
தடிக்குக் கீழால் சைக்கிளை நுழைக்கப் பார்த்தேன்.
ஹாண்டிலைப் பிடித்த கை நினைவிருக்கிறது.
முகம் இல்லை.

பதினாலாம் திகதி பின்னேரம்
எஞ்சினை நிற்பாட்டிவிட்டு நின்றேன்.
அந்தப் பக்கம்
பால்கானோடு ஒருவர்; கானுக்கு மூடி வாழையிலை.
லாண்ட்மாஸ்டரில் நெல்மூட்டை,
மூட்டைமேல் நித்திரையாய் ஒரு பெடியன்.
ரியூசன் விட்டு வரும் பிள்ளைகள் நாலு,
ஒருத்தியின் கையில் கடித்த மாங்காய்.

கோச்சி குறுக்கே வந்தது.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில்
துண்டு துண்டாய்த் தெரிந்தார்கள்:
கான். ஒரு கால். மாங்காய்.
வெள்ளைச் சட்டையின் பாதி.

போய்விட்டது.
எல்லாரும் முழுசாய் நின்றார்கள்.

தடி ஏற, சில்லு இறங்க,
ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.
பால் திரைந்துவிடும், நெல்லுக்கு ஆலை பூட்டிவிடும்.
நானும்தான். மழை இருட்டியிருந்தது.

இரவு, ஆறாம் நிரலில் எழுதினேன்:
"பால்காரர் ஒருவர். பெடியன் ஒருவன் (எழும்பவில்லை).
மாணவியர் நால்வர்.
எழுதுவினைஞர் ஒருவர், முன்பொரு காலை."

சிவப்பு மையோடு திரும்பி வந்தது.
"தெளிவில்லை. எண்ணிக்கையைத் தருக."
இரண்டு கிழமை இழுபட்டது.
நான் வாதாடிக் கடிதம் எழுதினேன்;
சம்பளம் நின்றது அவளுக்கு.

"சேர், கடைக்காரர் கொப்பியை மூடிப்போட்டார்.
உங்களுக்குப் புண்ணியம்,
ஒண்டும் நடக்கேல்ல எண்டே போடுங்கோ."

புதுப் படிவம் எடுத்தேன்.
பள்ளிக்கூடத்தில் கொப்பி எழுதியதுபோல
ஒவ்வொரு எழுத்தாய்,
எதுவும் நடைபெறவில்லை.

மேசையில் இன்னும் முப்பது படிவம் கிடந்தது.
இதற்கு மட்டும்
மை காயும்வரை இருந்தேன்.