காரணம் எழுதும் கட்டம்

மே மாதம் பாதி போயும் கணவாயில் பனி.
திங்கேரியிலிருந்து ரேக்யவிக்குக்கு
நானூற்றுப் பன்னிரண்டு பெட்டி காட் மீனோடு
ஏவிந்துர் லாரியைக் கிளப்பியபோது
பெட்டிக்கு ஒன்றாக மூலையில் ஒட்டிய பொட்டு
பால் வெள்ளை.

விடிந்து, கிடங்கு வாசலில்,
போகுமிவா கையுறையோடு கதவைத் திறந்தாள்.
எல்லாம் ஊதா.
கத்திரிக்காய் ஊதா.

"வெளியே மைனஸ் ஆறு" என்றான்.
"எப்படிக் கெடும்? மோந்து பார்."
மோந்தாள். கடல்தான் மணத்தது.
கூடவே எங்கோ அடியில்
ஈரக் கம்பளி.

பொட்டுக்குள் இருப்பது ஒரு சொட்டுப் பசை.
சூட்டை எண்ணும்.
கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியாது;
திரும்பக் குளிரவைத்தாலும் வெளுக்காது.
முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம்,
நாலு மணி நேர வெதுவெதுப்பை
அதனிடம் மறைக்க முடியாது.
ஆனால் ஏன் என்று கேட்டால்
அதற்கு வாய் இல்லை.

வாய் இருந்தவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
பாதை மூடிவிட்டார்கள்.
வேலியோரம் ஒரு ஆடு, ஈன்றுகொண்டிருந்தது.
ஒரு குட்டியின் தலை மட்டும் வெளியே,
அதன் மேலும் பனி விழுந்துகொண்டிருந்தது.
குளிர்ப்பெட்டியைச் சூட்டுக்குத் திருப்பினேன்.
மீன்களுக்கு நடுவில் என் கோட்டை விரித்தேன்.
இரண்டு குட்டி.
ஒன்று நிற்கவில்லை.

மற்றது?

பண்ணைக்காரன் காலையில் வந்து வாங்கிப் போனான்.
தாயையும்.
கோட்டைத் திருப்பித் தரவில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
விதி விதிதான்:
நானூற்றுப் பன்னிரண்டும் மீன்தூள் ஆலைக்கு.
அவள் ஊர் க்டின்யாவில்
ஒரு பெட்டியின் விலையில் ஒரு குடும்பம்
ஒரு வாரம் சாப்பிடும்.
அந்தக் கணக்கையும் அவள் போட்டாள்,
போடாமல் இருக்க முடியவில்லை.

படிவத்தில் நாலு கட்டம்.
இயந்திரக் கோளாறு. தாமதம். கவனக்குறைவு. பிற.
மூன்றாவதின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு நாலாவதற்கு வந்தது.
விரல் நீளத்துக்கு எழுத இடம்.
ஆடு ஈனுவதற்கு ஐஸ்லாந்து மொழியில் என்ன சொல்வார்கள்?
ஆறு வருஷம் மீனோடு இருந்தவளுக்கு
அந்தச் சொல் தேவைப்பட்டதே இல்லை.
வரைந்தாள்.

பதினோரு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன்.
பொட்டு சரியாக வேலை செய்ததில்
அவர்களுக்கு ரொம்பத் திருப்தி.
ஒரே ஒரு சந்தேகம்,
'பிற' கட்டத்தில் இருப்பது நாயா?

"ஆட்டுக்குட்டி" என்றாள்.
"கால் சரியாக வரவில்லை."