மேற்கே தலைவைத்த நான்கு

சித்திரை பதினொன்று, மாலை நாலேமுக்கால்.
பால் ஊற்ற வந்தவர்கள் பதினெட்டு நிமிடம் என்றார்கள்.
கட்டிலுக்கடியில் கிடந்தவர்கள் ஒரு மணி நேரம் என்றார்கள்.
எவ்வளவு நேரம் என்று கேட்கும் கட்டம்
படிவத்தில் இல்லை.

மேற்கிலிருந்து வந்தது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை.
அத்தாணிக்கு மேற்கே, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்
வாழையெல்லாம் கிழக்கே தலைவைத்துக் கிடந்தன,
ஒரே பாயில் படுத்துவிட்ட வேலையாட்கள் போல.
கோழிப்பண்ணைத் தகடு ஒன்று
ஒன்றரை மைல் தள்ளி
டிரான்ஸ்பார்மர் இடுக்கில் சொருகியிருந்தது.
கல்யாண மண்டபத்து ‘நல்வரவு’ பலகையில்
‘வரவு’ மட்டும் கரும்புக் காட்டில் கிடைத்தது.

நான் கிராம நிர்வாக அலுவலர்.
காற்றுக்குப் பின்னால் வருகிறவள், எண்ணுவதற்கு.
ஆறுச்சாமி சுண்ணாம்பு வாளியோடு முன்னே நடப்பார்.
விழுந்த மரத்துக்கு ஒரு புள்ளி.
சாய்ந்து நிற்பது விழுந்ததாகாது.
இடுப்பொடிந்து நிற்பது விழுந்ததாகும்.
நூற்றுக்கு முப்பத்து மூன்று போயிருந்தால்தான்
அரசாங்கம் அதைக் காற்று என்று ஒப்புக்கொள்ளும்.
அதற்குக் கீழே வீசியது
சும்மா வீசியது.

ராக்கியண்ணன் தோட்டம். நேந்திரன். தொள்ளாயிரம் கட்டை.
இன்னும் பத்து நாளில் வெட்டு.
விழுந்தது இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு.
கணக்குப் போட்டேன். மறுபடியும் போட்டேன்.
“மூணு மரம் பத்தலைங்க” என்றேன்.
சொன்ன பிறகுதான்
என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

அவர் நின்ற மரங்களைப் பார்த்தார்,
கடன் கேட்டு வந்தவர்களைப் பார்ப்பதுபோல.
“இருட்டிப்போச்சுங்க.
காலைல வந்து எழுதிக்கிட்டாப் போதாதுங்களா, அம்மிணி?”

காலையில் நான்கு கூடியிருந்தன.
நான்கும் மேற்கே தலைவைத்து.

காற்று முறித்த முட்டுக்கழிகள் தோட்டமெங்கும் சிதறிக் கிடக்க
இந்த நான்கின் கழிகள் மட்டும்
வேலியோரம் அடுக்கிச் சாத்தியிருந்தன.
தார் நசுங்காமலிருக்க
அடியில் சோளத்தட்டு பரப்பியிருந்தது.
பாய்ச்சிய ஈரத்தில் செருப்பில்லாத காலடிகள்,
பெரியது ஒரு சோடி,
சிறியது ஒரு சோடி.

துளசிமணி மோர் கொண்டுவந்தார்.
டம்ளரை என் பக்கம் நீட்டி
முகத்தை வாய்க்கால் பக்கம் வைத்துக்கொண்டார்.
ஆறுச்சாமி கற்றாழை மட்டையை வாளியில் முக்கினார்.
முக்கியபடியே நின்றார்.
“வையுங்க” என்றேன்.
நான்கு புள்ளி.

சேதத்துக்கான காரணம்: காற்று.
திசைக்கும் கட்டம் இல்லை.

ஆட்களுக்கு வேறு தாள்.
கோழிப்பண்ணைச் சுவர் விழுந்ததில் ஒருவர்.
சுக்ராம் என்றார்கள். இல்லை, சுக்தேவ் என்றார்கள்.
தகப்பன் பேர் பண்ணைக்காரருக்குத் தெரியவில்லை.
ஊர்?
“ரயில்ல ரெண்டு நாளுங்க” என்றார்.
அந்தத் தாளில் சதவீதம் கேட்பதில்லை.
மொத்தம் ஆறே வரி.
விடிய விடிய நிரப்பினேன்.

பதினோரு மாதம் கழித்துப் பணம் வந்ததாம்.
கழி வாங்கின கடனுக்கே காணவில்லையாம்.
அதற்குள் நான் பெருந்துறைக்கு மாற்றலாகியிருந்தேன்.

இப்போதெல்லாம் அங்கே
“காத்தடிச்ச வருசம் பொறந்தவன்” என்கிறார்கள்,
“காத்தடிக்கறதுக்கு மின்ன வாங்குன வண்டி” என்கிறார்கள்.
சுக்ராமை, அல்லது சுக்தேவை வைத்து
யாரும் எதையும் கணக்கிடுவதில்லை.

போன ஆவணியில் கோபி பஸ்ஸில் ராக்கியண்ணன்.
என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.
மறுதாம்பு நன்றாக வந்ததென்றார்.
பையன் கோயமுத்தூரில் படிக்கிறானென்றார்.
அந்த நாலு கட்டை எங்கள் நடுவில்
முழங்கால் இடிக்கிற மூட்டை மாதிரி இருந்தது.
இருவருமே அதைப் பார்க்கவில்லை.

கவுந்தப்பாடி தாண்டியதும்
ஜன்னல் வழியே திடீரென்று காற்று.
பெரிய காற்றொன்றும் இல்லை.
ஷட்டரை இறக்க
இரண்டு கைகள் ஒன்றாக நீண்டன.