காய்ந்து வந்த பிறைகள்

ரீகா ஆபெரா அரங்கின் நிலவறையில்
எனக்கு ஒரு மேசை, ஒரு நீராவிப் பெட்டி,
மாதம் அரை லிட்டர் வோட்கா.
குடிக்க அல்ல.
அங்கியை உள்புறம் திருப்பிக் கைக்குழியில் பீய்ச்சினால்
நாற்றம் சாகும், பட்டு பிழைக்கும்.
கிடங்குக்கார இமாண்ட்ஸ் நம்புவதில்லை.
என் வாயை முகர்ந்து பார்த்த பிறகுதான்
கையெழுத்துப் போடுவார்.

சாம்பல்நீலப் பட்டங்கி. எழுபத்தொன்பதில் தைத்தது.
தண்ணீரே ஆகாது.
அதைப் போட்டுக்கொண்டு, விளக்குச் சூட்டில்,
மூன்று மணி நேரம் ஒருத்தி
பாடிப் பாடிச் சாக வேண்டும்.

அதனால்தான் பிறைகள்.
இரண்டு மடிப்புப் பருத்தி, நடுவே மெல்லிய ரப்பர்,
அக்குளின் வளைவே அதன் வளைவு.
நான்கே தையல், இரவே பிரித்தெடுக்கத் தோதாக.
எங்கள் புதுப் பெண் எவிஜா ஒருமுறை
ஒட்டுகிற பட்டை வாங்கி வந்தாள்.
அது இரண்டாம் அங்கத்தில் கழன்று
வில்லனின் பூட்ஸில் ஒட்டிக்கொண்டது.
துரோகம் முழுவதையும்
அதை மிதித்துக்கொண்டே பாடி முடித்தார் மனிதர்.

இருபத்தாறு வருஷம் பிறை கழுவினால்
ஆள் தெரிந்துவிடும்.
பயமென்றால் என்ன என்று பேட்டி கொடுக்கும் டெனர்
திரை ஏறி அரை மணிக்குள்
இரண்டு பிறையையும் பௌர்ணமியாக்கிவிடுவார்.

சர்மீத்தேவுக்கு இடது மட்டும்.
வலது சும்மா, மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி.
இடதில் ஒவ்வொரு இரவும் உப்பு பூத்திருக்கும்,
கடல் வந்து எட்டிப் பார்த்துப் போனதுபோல்.
இடது கையால்தான் மூன்றாம் அங்கத்தில்
அவள் தொட்டில் ஆட்டுவாள்.
தொட்டிலில் இருப்பது மணல் மூட்டை.
நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.
வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கரண்டி வினிகர்,
பிழியாமல் துண்டில் ஒற்றி
தட்டையாக விரித்து வைப்பேன்.
ரேடியேட்டர் மேல் போட்டால் ரப்பர் வெடிக்கும்.

பிப்ரவரியில், பதினோராவது காட்சி.
இரண்டும் காய்ந்து வந்தன.
விரல் வைத்துப் பார்த்தேன்.
கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.
பிசிறே இல்லை இன்று என்றாராம் இசைநடத்துனர்.
கைதட்டல் படியிறங்கி என் மேசைவரை வந்தது.
நல்லதுதானே, கழுவ வேண்டாம் என்றாள் எவிஜா.
நல்லதுதான்.
பஸ்ஸில் வீடு திரும்பும்போது
பனியில் நின்ற வண்டிகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.
நெஞ்சில் ஈரமில்லை என்று
ஒருவரைப் பற்றி எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

பிறகு தெரிந்தது, ஊசி.
கிளினிக்கில், அக்குளுக்குப் பதினைந்து குத்து,
ஆறு மாதத்துக்குச் சொட்டு வராது.
உடைமாற்றும்போது அவளே காட்டினாள்,
புள்ளி புள்ளியாய், கோலம் போடாமல் விட்டதுபோல்.
"உனக்கு வேலை மிச்சம், ஆஸ்மா" என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன். இரண்டு வாரம் துக்கம் காத்தது
ஓர் ஊசிக்காகவா?

பன்னிரண்டாவது காட்சி முடிந்து
அங்கியைத் தோளில் வாங்கியபோது கனத்தது.
பிறைகள் காய்ந்தே இருந்தன.
முதுகுத்தண்டு நெடுக,
எந்தத் தையற்காரியும் காவல் வைக்காத இடத்தில்,
கழுத்திலிருந்து இடுப்புவரை
கருநீலமாய் ஒரு ஆறு.

நாற்பது வருஷத்துக்கு மேலான பட்டு போயிற்று.
இமாண்ட்ஸ் தலையில் கைவைத்தார்,
இழப்பைச் சம்பளத்தில் பிடிப்பேன் என்றார்.
நான் கறை ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.
வழி அடைத்தால் வேறு வழி.
போகாமல் எங்கே போகும்?

எந்த மாதிரிப் புத்தகத்திலும் இல்லை இந்த அளவு:
நீளம் நாற்பத்தொன்று, அகலம் ஏழு,
ஆறு தையல், கீழே கொஞ்சம் தளர்வாக.
வெட்டி முடிக்கும்போது மணி இரண்டு.
வோட்கா இந்த மாதம்
முக்கால் லிட்டர் எழுதிக் கேட்டிருக்கிறேன்.