மூன்று புள்ளி ஒன்று

தோர்னிகேயை நான் முதலில் அறிந்தது
ஓர் எண்ணாகத்தான்.
திபிலிசியில், ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில்,
ஜன்னல் இல்லாத எங்கள் மருந்தகத்துக்கு
திங்களும் வியாழனும் ஒரு தாள் வரும்.
டாக்ரோலிமஸ், இரத்தத்தில்:
எட்டு இருக்கவேண்டிய இடத்தில்
ஆறு.
அப்புறம் நாலரை.
அப்புறம் மூன்று புள்ளி ஒன்று.

ஏழு வயது. வயிற்றில் அம்மாவின் சிறுநீரகம்.
வந்தது அன்னியம் என்று உடம்பு கண்டுகொள்ளாதிருக்க
தினம் இரண்டு வேளை அதை ஏமாற்றவேண்டும்.
டாக்டர் கேத்தெவான் மாத்திரையைக் கூட்டினார்.
எண் இறங்கியது.
இன்னும் கூட்டினார்.
எண் யார் பேச்சையும் கேட்பதாயில்லை.

வாந்தி எடுத்தானா? இல்லை.
வேளை தவறியதா? இல்லை.
துப்பிவிட்டானா? இல்லை, இல்லை,
தேவமாதா மேல் ஆணை.
மூன்றும் உண்மை.
நாலாவது கேள்வி எங்கள் படிவத்தில் கிடையாது.

மாத்திரை டப்பாவை மாற்ற மாடி ஏறினேன்.
மக்வலா, மகன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.
இரண்டு கட்டைவிரல் நகத்திலும் சிவப்பு.
ஊசி குத்திவிட்டதா, என்றேன்.
இல்லை, பூ, என்றாள்.
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

க்ரஸானா.
ராச்சா மலைச்சரிவில் ஜூன் மாதம் பூக்கும்.
நாத்தனார் மினிபஸ்ஸில் கொடுத்தனுப்பிய ஒரு கட்டு,
பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலடியில்.
மஞ்சள் பூ. மொட்டைக் கிள்ளினால் மட்டும்
விரலெல்லாம் சிவக்கும்.

அந்த ஸ்டீராய்டு தொடங்கிய நாளிலிருந்து
பிள்ளை கண்மூடவில்லை, என்றாள்.
ராத்திரி முழுக்க பஸ் எண்ணுகிறான்.
சொன்னேன். பழகிவிடும் என்றார்கள்.
சிறுநீரகம் கொடுத்தபோது ஆறு பேர் கையெழுத்து வாங்கினார்கள்.
ஒரு டம்ளர் தேநீருக்கு
நான் யாரிடம் போய்க் கேட்பது?

எனக்குப் பாடம் தெரியும்.
அந்தப் பூ ஈரலில் உள்ள வேலையாட்களை எழுப்பிவிடும்.
வீடு பெருக்குகிறேன் பேர்வழி என்று அவர்கள்
மருந்தையும் சேர்த்து வாரிக் கொட்டுவார்கள்.
பூவிலும் குற்றமில்லை, மாத்திரையிலும் குற்றமில்லை.
இரண்டும் ஒரே வாசலில் வந்து மோதிக்கொண்டன.
சொன்னேன்.
அவள் கை, தானாகப் போய்
இடுப்புத் தழும்பைத் தொட்டது.

நஞ்சா கொடுத்தேன்?
இல்லை என்றேன். பின்னால் வந்த
'ஆனால்' தொண்டையிலேயே நின்றது.
என் மகள் இருமினால் நானும்
பைன்காய் ஜாம்தான் கொடுக்கிறேன்,
எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல்.

பக்கத்துக் கட்டில்காரி கேட்டுக்கொண்டிருந்தாள் போல.
மெல்லத் தன் அலமாரியைத் திறந்தாள்.
அடுத்து எதிர்க்கட்டில்.
சாயங்காலத்துக்குள் என் தட்டில் பதினொரு பொட்டலம்:
லிண்டன் பூ, காய்ந்த செந்தட்டி,
ஜெர்மனியிலிருந்து தம்பி அனுப்பிய மீன் எண்ணெய்,
ஒரு கன்னியாஸ்திரி தந்த, பெயரே இல்லாத பழுப்புத் தூள்,
குத்தி உடைத்த பாதாம்போல் வாதுமைப்பழக் கொட்டை.
கொட்டையை மட்டும் அங்கேயே வாங்கிப் பையில் போட்டேன்.
மற்றதெல்லாம்?
தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
அந்த வார்டில் வெள்ளைக் கோட்டு ஒன்று
தெரியாது என்று சொல்லி
யாரும் கேட்டதில்லை போலும்;
ஒரு தாய் சிரித்துவிட்டாள்.

பூவை நிறுத்தியும் இரண்டு வாரம்
வேலையாட்கள் ஓயவில்லை.
பிறகு எண் ஏறத் தொடங்கியது,
கூட்டியதையெல்லாம் பயந்து பயந்து குறைத்தோம்.
மாலை ஸ்டீராய்டைக் காலைக்கு மாற்றினார் கேத்தெவான்.
தூக்கமில்லை என்று கேட்டிருந்தால்
முதல் வாரமே மாற்றியிருப்பேனே, என்றார்.
கேட்டாள் டாக்டர், என்றேன்.

அவர் பேனாவை மூடி, திறந்து, மூடினார்.

நேற்றைய தாள்: ஏழு புள்ளி எட்டு.
பையன் பத்து மணிக்குத் தூங்கினானாம்,
பதினாலு பஸ்ஸோடு.
பழுப்புத் தூள் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.
என்னவென்று தெரியவில்லை.