மைனஸ் ஹெச்

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கிறது.
அந்தப் பக்கம் பைக்கில் தஸ்தகீர்,
தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிய போனோடு.
இந்தப் பக்கம் நான்,
ஸ்பீக்கரில் அவன் குரலை
மானிட்டர் தலைமேல் உட்கார வைத்திருக்கிறேன்.
நடுவில் ஒரு கூட்ஸ்,
யாருக்கும் அவசரமில்லாத மாதிரி.

"நெட் ஒயரைப் புடுங்கினீங்களாக்கா?"
புடுங்கியாச்சு.

யாமினியோடு ஜெராக்ஸ் கடைக்குப் போன பென்டிரைவ்
திரும்பும்போது தனியாக வரவில்லை.
மஞ்சள் ஃபோல்டர் ஒவ்வொன்றின் மூலையிலும்
வளைந்த ஒரு குட்டி அம்பு.
தொட்டால் திறக்காது.
உள்ளே குழுக் கணக்கு,
பதினான்கு பெண்களின் மாதம் முந்நூறு,
நூர்ஜஹான் கட்ட வேண்டிய கடைசித் தவணை.
வியாழக்கிழமை கூட்டத்தில்
வைரஸ் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?
எனக்குத்தான் காய்ச்சல் என்பார்கள்.

"எதையும் அழிக்கலக்கா.
நெஜத்த ஒளிச்சிட்டு
அதே பேர்ல பொய்ய நிறுத்தி வச்சிருக்கு."

ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட்டை முடித்தேன்.
முளைத்தது.
முடித்தேன்.
ஸ்டார்ட்டப்பில் அதன் வேரைக் காட்டினான்,
அதையும் கிள்ளினேன்.
பிறகு கறுப்பாய் ஒரு ஜன்னல்,
அதில் கண் சிமிட்டும் வெள்ளைக் கோடு.

"அட்ரிப். ஸ்பேஸ். மைனஸ் ஹெச். ஸ்பேஸ். மைனஸ்..."
ஹாரன்.
எஸ்ஸா, எஃப்பா?
"எஸ்ஸுக்கா, எஸ்! சங்கர் எஸ்!"

எண்டர் தட்டினேன்.
கோடு கொஞ்சம் யோசித்தது.
பிறகு வந்தன, முழித்துக்கொண்டு,
குழுக் கணக்கு, ரேஷன் கார்டு,
யாமினியின் மூன்றாம் வகுப்பு நடனம்,
எல்லாம் தத்தம் பொய்களுக்குப் பக்கத்தில்.

ஒன்றுக்கு மட்டும் பொய் இல்லை.
'கரண்ட் பில் பழசு.'
அம்பு வைத்த நிழல் அதற்குக் கிடையாது.
அதை ஒளித்தது வைரஸ் இல்லை.

பின்னால் தில்லிபாபு இறால் உரித்துக்கொண்டிருந்தார்,
காசிமேட்டில் காலையில் பேரம் பேசி வாங்கியது.
நான் ஃபோல்டரைத் திறந்தேன்.

ஹால் டிக்கெட். தனித்தேர்வர். பத்தாம் வகுப்பு.
போட்டோவில் அந்த நீலக் கட்டம்போட்ட சட்டை,
யூனியன் மீட்டிங் என்று சொல்லி
என்னிடம் இஸ்திரி போட வைத்த சட்டை.
மூன்று வருஷம். மூன்று மார்க் ஷீட்.
தமிழ் அறுபத்தெட்டு.
கணிதம் இருபத்தொன்று.
கணிதம் இருபத்தெட்டு.
கணிதம் முப்பத்து மூன்று.

பொண்ணு பார்க்க வந்த அன்று
டென்த் பாஸ் என்றுதான் சொன்னார்கள்.
திருவொற்றியூர் யார்டில்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்,
நாற்பதடிக் கண்டெய்னர்கள் நடுவே
ஒரு விரற்கடை இடத்தில் வண்டி திருப்புகிறவர்,
எக்ஸ் எவ்வளவு என்று
எங்கே உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்?

"வந்துச்சாக்கா எல்லாம்?"
வந்துடுச்சி தம்பி.
"அப்ப கேட் தொறந்ததும் வந்து
ஆன்டிவைரஸ் போட்டுடறேன்."
வா. சாப்பிட்டுப் போகலாம்.

கறுப்பு ஜன்னல் இன்னும் திறந்தேதான் இருந்தது.
அதே கட்டளை. ஒரு ஃபோல்டருக்கு மட்டும்.
மைனஸ் இருந்த இடத்தில் ப்ளஸ்.
இம்முறை யாரும் சொல்லித் தரவில்லை.
எண்டர்.

"பழைய கரண்ட் பில்லு கூட இருந்துச்சே,"
இறாலைப் பார்த்தபடியே கேட்கிறார்,
"அதெல்லாம்?"
நான் பாக்கலையே. முக்கியமா?
"சும்மா கேட்டேன்."

கேட் தூக்கிவிட்டார்கள் போல.
இத்தனை வண்டிகளும் ஒரே மூச்சில் அலறுகின்றன.
இரண்டே மார்க்.