சிவப்பு அம்பு

ஊசி பட்ட ஓட்டை, எண்ணெய்க் கறை,
விட்டுப்போன தையல்,
எதைக் கண்டாலும்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவேன்.
நாளுக்கு எண்ணூறு பீஸ். பத்தொன்பது வருசம்.
என் இடது மார்பில் இருந்ததை
நான் பார்க்கவில்லை.

காங்கயம் ரோட்டில், கம்பெனி வாசலில்
முகாம் வண்டி வந்து நின்ற அன்று
வசந்தாமணி சொன்னாள்:
"வலியே இல்லாததுக்கு எதுக்குங்க டாக்டரு?"
நான் போனது, உண்மையைச் சொன்னால்,
அரை மணி நேரம் உட்காரலாமே என்றுதான்.

இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அமுக்கினார்கள்.
மூச்சைப் பிடிங்க. விடுங்க.
அப்புறம் படிவத்தில் ஒரு கேள்வி:
குடும்பத்தில் யாருக்காவது?
அம்மா செத்தபோது வீட்டில் சொன்னது 'நோவு'.
சித்திக்கும் நோவுதான்.
எந்த நோவு, உடம்பில் எங்கே என்று
யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.
'தெரியாது' என்றேன்.
"அதையும் எழுதிக்கிறனுங்க" என்றாள் அந்தப் பெண்.

கோயமுத்தூருக்கு இருபத்தேழு தடவை.
அதையெல்லாம் சொல்லப்போவதில்லை.
மொட்டைத் தலைக்குக் கட்டியது
கம்பெனி வெட்டுத்துணி, சுத்தமான காட்டன்,
வேர்க்கவில்லை. அவ்வளவுதான்.

மறுபடி அதே டேபிள், அதே டியூப் லைட்.
சாயங்காலமானால் இடது கை மட்டும் வீங்கும்.
அக்குளில் எடுத்த பதினாலு நெறிக்கட்டியை
இன்னும் தேடுகிறது போல.
அதற்கென்று ஒரு உறை,
மணிக்கட்டிலிருந்து தோள் வரை, இறுக்கமாக.
பின்னல் துணி. திருப்பூரில் ஓட்டியதில்லை.
உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன்:
முழங்கையோரம் ஒரு கண்ணி நழுவியிருந்தது.
எடுத்த அம்பை
எங்கே ஒட்டுவதென்று தெரியாமல்
விரலிலேயே வைத்திருந்தேன், டீ மணி அடிக்கும்வரை.

"குணமாயிருச்சல்ல?"
வாரம் ஒருதரம் கேட்கிறார் சென்னியப்பன்.
டாக்டர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.
ஆறு மாசம் கழிச்சு வாங்க என்றார்.
அதுவும் ஒரு பாஸ்தான்,
ஆறு மாசத்துக்குச் செல்லும்.
ஐந்தாம் மாசம் தூக்கம் வராது.

நேற்று வசந்தாமணி
பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்த் தாழ் போட்டாள்.
என் விரலைப் பிடித்து
ரவிக்கைக்கு உள்ளே வைத்தாள்.
"எல்லாத்துக்கும் இருக்கறதுதானுங்களே இது?"
கை சில்லிட்டிருந்தது அவளுக்கு.
எனக்குத் துணிதான் பார்க்கத் தெரியும் என்றேன்.

வியாழக்கிழமை இரண்டு பேருக்கும் லீவு.
சூப்பர்வைசர் காரணம் கேட்டான்.
"செக்கிங்" என்றேன்.
"எந்தக் கம்பெனிக்கு?" என்கிறான்.